தரிசு என்று எழுதிய கை

கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் அடங்கலில் ‘தரிசு’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் மனதை உறுத்துகிறது.

கோவில்பட்டிக் கரிசலைச் சித்திரையில் பார்த்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெளியூர்க்காரருக்கு வெறும் பொட்டல். அதையே கார்த்திகையில் வந்து பாருங்கள். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி என்று கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை. விதைக்காத இடத்தில் ஆடு மேயும். ஓடை என்று ஒன்று இருப்பதே மழை பெய்யும் நாலு நாள்தான் தெரியும். ஊருணியும் கண்மாயும் நிறைவது அந்த நாலு நாளில்தான்.

காற்றாலை வரட்டும், சூரிய மின்சாரம் வரட்டும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் என்பதுதான் என் கேள்வி. புல வரைபடத்தில் எல்லைக்கல்லும் அளவும் இருக்கும். ஆடு போகும் தடம், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பது, சாமி மரம் இதெல்லாம் இருக்காது. கழுகுமலை வெட்டுவான் கோயிலை உலகம் அறியும். ஊர் ஓரத்துச் சுமைதாங்கிக் கல்லை யார் அறிவார்?

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைத் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏரிகள் 72, ஊற்றுகள் 200 என்று எண்ணிக் கணக்கெடுத்திருந்தார்கள். சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் பட்டியலில் இருந்தன. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காப்பாற்றியது போராட்டம்தான். ஆனால் எதைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல, கையில் எழுத்து இருந்தது.

நம் ஊர்களுக்கும் அந்த எழுத்து வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். இடைசெவல் கி.ரா. கரிசல் சொற்களைத் தேடித் தேடி அகராதி ஆக்கினார். நிலத்துக்கும் அப்படி ஒன்று நாம் செய்யலாம்.

வேலை பெரிதல்ல. கைபேசி தெரிந்த ஒரு பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வாருங்கள். கோடையில் ஒரு தடவை, அடைமழை விட்டதும் ஒரு தடவை. பார்த்ததைக் கிராம வரைபடத்தில் குறியுங்கள். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது.

பழைய ஓடைத் தடம் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலைந்து பேர்தான் மிச்சம். நாம் போனால் அதுவும் போகும். நான் போன வாரம் தொடங்கிவிட்டேன். முதலில் குறித்தது, என் கையாலேயே தரிசு என்று எழுதிய ஒரு மேய்ச்சல் காடு.