ஒரு மொனிற்றர், மூன்று கணினி, காணாமல் போன ஒரு புள்ளி

எங்கட சஞ்சிகை அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு. தலையங்கத்தில் ‘இலவசக் கல்வி’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ல’வுக்கு மேல புள்ளியைக் காணேல்லை. புள்ளி இல்லாட்டி அது என்ன சொல்லாகும் எண்டு நீங்களே வாசிச்சுப் பாருங்கோ. மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தும் ஒருத்தரின்ர கண்ணிலயும் படேல்லை. கடைசியில் போனில வாசிச்ச தோழி ஒருத்திதான் கண்டுபிடிச்சாள்.

உடனே தீர்ப்பு வந்தது: “ஒரு மொனிற்றரை மூன்று பேர் பாவிச்சால் இப்பிடித்தான். ஆளுக்கொண்டு வாங்கவேணும்.” நாங்கள் இதை ஏற்கவில்லை. பிழை பகிர்ந்ததில் இல்லை, பகிர்ந்த விதத்தில்தான்.

எங்களிடம் இருந்தவை இரண்டு லப்டொப், ஒரு பழைய மேசைக்கணினி. மூன்றையும் ஒரு வி.ஜி.ஏ. சுவிட்ச் பெட்டியில் கொழுவியிருந்தம். வி.ஜி.ஏ. 1987இல் வந்த அனலொக் முறை. வயர் நீள நீள, இடையில் இணைப்புகள் கூடக் கூட, சமிக்ஞை தேயும். எழுத்தின் விளிம்பு கரையும், பக்கத்தில் நிழல் விழும். தமிழில் அதற்கு முதல் பலி புள்ளிதான்.

இன்னொரு பிழையும் எங்கட பக்கம் இருந்தது. 1920×1080 திரைக்கு ஒரு லப்டொப் 1366×768 அளவில் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. மொனிற்றர் அதை இழுத்துப் பெருப்பிச்சுக் காட்டினால் எழுத்து மங்காமல் என்ன செய்யும்?

மருந்து பெரிசா ஒண்டுமில்லை. எச்.டி.எம்.ஐ. டிஜிட்டல் முறை, நல்ல சுவிட்ச் ஒண்டு தரவை மாற்றாமல் அப்பிடியே கடத்தும். கோளாறு வந்தால் படம் மினுங்கும், அல்லது திரை கறுக்கும், களவாக மங்காது. ஆகவே இரண்டு லப்டொப்பையும் எச்.டி.எம்.ஐ. சுவிட்ச் ஒன்றில் கொழுவினம். பழைய கணினியை மொனிற்றரின் வி.ஜி.ஏ. துளையில் கட்டை வயரால் நேராகவே கொழுவினம். மாறுவதற்கு மொனிற்றரிலேயே பொத்தான் இருக்கு. ஒவ்வொரு கணினியிலும் திரையின் சொந்த அளவையே தெரிவுசெய்தம். அவ்வளவுதான்.

கடையில் கேட்கும்போது கவனம்: ‘ஸ்ப்ளிற்றர்’ ஒரு கணினியைப் பல திரைகளுக்குப் பிரிக்கிறது. எங்களுக்கு வேண்டியது அதன் மறுபக்கமான ‘சுவிட்ச்’. கீபோர்ட்டையும் மவுஸையும் சேர்த்து மாற்றவேணுமெண்டால் ‘கே.வி.எம்.’ எண்டு கேளுங்கோ. எதை வாங்கினாலும் உங்கட திரையின் அளவை அது தாங்குமோ எண்டு பாருங்கோ.

பொதுவில இருக்கிற பொருள் எண்டால் தரம் குறைவாகத்தான் இருக்கும் எண்ட நினைப்பு எங்களுக்குள்ள ஊறிப்போயிருக்கு. அதனால அதைத் திருத்தப் பார்க்காமல் தனக்கெண்டு ஒண்டு வாங்கத்தான் ஓடுறம். வாங்க வசதியில்லாதவர் மங்கல் திரையோடயே மிஞ்சுறார். இலவசக் கல்வியைப் பற்றித் தலையங்கம் எழுதுற நாங்கள், மேசையில இருக்கிற ஒரு பொதுப் பொருளையாவது ஒழுங்காக வைச்சிருக்க வேண்டாமா?