ஆர்வம் சம்பளம் ஆகாது

"இந்த வயசுலயும் என்னா ஆர்வம் அங்கிள்!" என்றார் இயக்குநர் தம்பி. பினாங்கில் ஒரு குறும்படப் படப்பிடிப்பு. சாயங்காலம் கிளம்பும்போது சம்பளம் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத்தான் இபிஎஃப் இருக்குமே அங்கிள்?"

இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள். ஆர்வம் என்ற பாராட்டு எதற்குப் பயன்படுகிறது என்று புரியும்.

எனக்கு வயது 57. முதலில் பெட்ரோல் நிலையம், பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம். ஆள்குறைப்பில் வெளியே வந்த பிறகுதான் நடிக்க வந்தேன். "வயசான காலத்துல இதென்ன கூத்து" என்று கேட்கும் சொந்தக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் நேராகச் சொல்லிவிடுகிறார்கள். என் சண்டை, "கனவுக்கு வயதில்லை" என்று எழுதிக் கைதட்டும் நம்மோடுதான்.

உடனே டெல்லி கணேஷையும் விஜய் சேதுபதியையும் காட்டுவீர்கள். டெல்லி கணேஷ் பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் இருந்தவர். டெல்லியில் நாடக மேடையில் பழகிய பிறகே 1977-இல் 'பட்டினப் பிரவேசம்' படத்துக்கு வந்தார். விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை பார்த்தவர்; ஊர் திரும்பி, கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். நாமோ கனவை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டுவிடுகிறோம்.

பழைய வேலை வீணாய்ப்போன காலமும் இல்லை. ஒரு காட்சியில், இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளி நெற்றியைத் துடைத்துப் பெருமூச்சு விடவேண்டும் என்றார்கள். நான் மறுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு யாரும் பெருமூச்சு விடமாட்டான். பேச்சு குறைந்துவிடும், ஒரே லேபிளை மூணு தடவை வாசிப்பான். அதை அப்படியே செய்தேன். செட்டே அமைதியானது. அந்த அமைதிக்கு நான் 26 வருடம் கொடுத்திருக்கிறேன். அதற்கு விலை உண்டு.

இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை இல்லை. முதல் ஆறு படங்களில் நானும் சும்மாதான் நடித்தேன். இபிஎஃப் காசு கையில் இருந்த மிதப்பு. ஏழாவது படப்பிடிப்பில், நடிப்பையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டான்: "நீங்க ஓசியில நடிச்சா, எனக்கு எவண்ணே காசு குடுப்பான்?" என்னிடம் பதில் இல்லை. என் பெருந்தன்மைக்கு அவன் வாடகைப் பணத்தில் செலவு செய்திருக்கிறேன்.

சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பில் கலைஞர்களையும் சேர்த்திருக்கிறார்கள். சட்டமே இதைத் தொழில் என்கிறது. நாம்தான் இன்னும் சேவை, பற்று, தாய்மொழி என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கேமரா வாடகை கொடுக்காமல் யாராவது தமிழ்ப்பற்றில் கேமரா வாங்கி வந்திருக்கிறீர்களா?

என்னைப்போல் தாமதமாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். வாங்க. ஆனால் பயிற்சி எடுங்க, ஒரு தாளிலாவது ஒப்பந்தம் கேளுங்க. ஓசியில் மட்டும் நடிக்காதீங்க.

அடுத்த வாரம் இயக்குநர் தம்பி 150 வெள்ளி அனுப்பினார். "சாரி அங்கிள், இவ்வளவுதான் முடிஞ்சது." போதும் தம்பி. அடுத்த படத்துக்கும் வருகிறேன்.