கோடை வசூல் குறைந்தால் குற்றம் யாருடையது?



நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. வெயில் உண்டு, மழை உண்டு, வெயிலோடு கூடிய மழையும் உண்டு. ஆகையால், "டீச்சர், கோடைப் படம் என்றால் வெயில் காலத்தில் எடுத்த படமா?" என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டபோது அவனுடைய ஐயத்தில் ஞாயம் இருந்தது. வகுப்புதான் சிரித்துவிட்டது.

அமெரிக்கத் திரைப்படத் தொழிலில் கோடை என்பது தட்பவெப்பத்தைக் குறிப்பதன்று. பள்ளி விடுமுறையைக் குறிப்பது. மே மாதத்தின் முதல் வெள்ளி தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களில் வரும் அவர்களுடைய தொழிலாளர் நாள் வரையிலான ஏறத்தாழ நான்கு மாதங்களைக் கோடைப் பருவம் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்டு வசூலில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த மாதங்களில் சேர்ந்துவிடுவது நெடுநாள் வழக்கம். பிள்ளைகளின் விடுமுறையை முதலாக வைத்து நடக்கும் வணிகம் ஆதலால் அதைப் பற்றிச் சொல்ல ஓர் ஆசிரியைக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று கருதுகிறேன். மேலும், அங்கே ஓடும் அதே படங்களைத்தான் நம் பிள்ளைகளும் இங்குள்ள திரையரங்குகளில் பார்க்கிறார்கள். அங்கே எது தோற்றது, ஏன் தோற்றது என்று அவர்கள் செய்யும் முடிவுதான் நம் பிள்ளைகள் அடுத்து எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் முடிவு செய்கிறது.

கோடை ஒரு காலத்தில் திரையரங்குகளுக்கு மந்தமான காலமாக இருந்தது. அடைத்த மண்டபத்தில் வியர்த்துக்கொண்டு படம் பார்க்க யார் வருவார்? 1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் குளிரூட்டும் கருவி பொருத்தப்பட்ட பிறகு நிலைமை மெல்ல மாறியது. 1975 ஜூனில் 'ஜாஸ்', 1977 மே மாதத்தில் 'ஸ்டார் வார்ஸ்' ஆகியவை வந்தபின் கோடையே தலையாய பருவமாயிற்று. அன்று முதல் பெரிய பந்தயங்களையெல்லாம் இந்த நான்கு மாதங்களுக்குள் திணித்து வைப்பதே வழக்கம். வைத்த பந்தயம் தோற்கும் ஆண்டுகளில் 'கோடை ஏமாற்றிவிட்டது' என்ற புலம்பல் எழும்.

அந்தப் புலம்பலில் ஒரு விந்தை உண்டு. குறை ஒன்றுதான், காரணம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2005இல் வசூல் சரிந்தபோது குறுவட்டைக் குறை கூறினார்கள். மக்கள் வீட்டில் டிவிடி போட்டுப் பார்க்கப் பழகிவிட்டார்கள், இனி அரங்குக்கு வரமாட்டார்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இரண்டாம் பாகம் அமெரிக்க, கனடா அரங்குகளில் மட்டும் 423 மில்லியன் டாலர் ஈட்டியது. அதற்குள் வீடுகளிலிருந்த டிவிடி கருவிகள் காணாமற் போய்விட்டனவா என்ன? 2017இல் ஏறத்தாழ 3.8 பில்லியன் டாலரோடு பத்தாண்டுகளில் காணாத சரிவு ஏற்பட்டது. அப்பொழுது பழி 'ராட்டன் டொமேட்டோஸ்' என்ற விமர்சனத் தொகுப்புத் தளத்தின்மீது விழுந்தது. 2018இல் அந்தத் தளம் அப்படியே இருந்தது. வசூலோ நன்றாக உயர்ந்தது.

அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றிக் கற்பிக்கிறோம். காரணம் மாறாமல் இருக்க விளைவு மட்டும் மாறினால், நாம் பிடித்தது உண்மையான காரணம் அன்று என்பதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லிவிடும். ஆயினும் அவர்களை மட்டும் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறையும் ஆண்டில் நம் ஆசிரியர் அறையில் என்ன பேசுகிறோம்? கைப்பேசி, இணைய விளையாட்டு, பெற்றோரின் கவனக்குறைவு என்று பட்டியல் நீளும். பாடம் நடத்திய முறை அந்தப் பட்டியலின் கடைசியிலும் இடம் பெறுவதில்லை. நானும் அந்த அறையில் அமர்ந்து தேநீர் குடித்தவள்தான்.

2017ஆம் ஆண்டுக் கோடையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அந்த ஆண்டு 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ஐந்தாம் பாகம் அமெரிக்கச் சந்தையில் 130 மில்லியன் ஈட்டியது. இத்தொடரின் முந்தைய வசூலை வரிசைப்படுத்தினால் 2007இல் 319, 2009இல் 402, 2011இல் 352, 2014இல் 245 மில்லியன். 2009இல் வந்த இரண்டாம் பாகத்தையும் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்; ஆனாலும் அதுதான் தொடரிலேயே மிகுதியாக ஈட்டியது. எனவே விமர்சகர்களின் மதிப்பெண் படத்தைக் கொன்றுவிட்டது என்பது பொருந்தவில்லை. 'பைரேட்ஸ்' தொடரும் அதே படிக்கட்டில்தான் இறங்கியது: 423, 309, 241, பிறகு 2017இல் 172. இறங்குமுகம் எட்டாண்டு, பதினோராண்டாகக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு ஏன் எடுத்தார்கள்? 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' நான்காம் பாகம் சீனா உட்பட உலகெங்கும் 1.1 பில்லியன் ஈட்டியிருந்தது. அந்தப் பெரிய எண் இந்தச் சிறிய எண்களை மறைத்துவிட்டது.

அதே கோடையில் 'வொண்டர் வுமன்' 412 மில்லியன் ஈட்டியது. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 'டன்கர்க்' 188 மில்லியன் ஈட்டியது. மக்கள் அரங்குக்கு வர மறுக்கவில்லை. ஐந்தாம் முறை அதே இடி முழக்கத்தைக் கேட்கத்தான் மறுத்தார்கள்.

இதற்கும் மேலாக ஒரு செய்தி உண்டு. பெற்றோர்க்கு அது விளங்கும். வணிக ஏடுகள் அதைப் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்பது என் துணிபு. 2016ஆம் ஆண்டுக் கோடையில் சிறுவர்க்கான இரண்டு அசைவூட்டப் படங்கள் பெருவெற்றி பெற்றன. 'ஃபைண்டிங் டோரி' 486 மில்லியன். 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பெட்ஸ்' 368 மில்லியன். 2017இல் அந்த இடத்தில் 'டெஸ்பிக்கபிள் மீ 3' 264 மில்லியனும் 'கார்ஸ் 3' 152 மில்லியனும் ஈட்டின. இந்த இரண்டு இணைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே 430 மில்லியனுக்கு மேல். அந்த ஆண்டின் மொத்தச் சரிவில் பாதிக்கும் மேற்பட்டது இது! அரசர்களும் இயந்திரங்களும் தோற்றதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிள்ளைகள் வராததைப் பற்றி எழுதியவர் சிலரே.

குடும்பம் படத்துக்குச் செல்வது தனியாள் செல்வதைப் போன்றதன்று. ஐவர் கொண்ட குடும்பம் என்றால் ஐந்து நுழைவுச்சீட்டு, சோளப்பொரி, பானம், வண்டி நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சேரும். அமெரிக்காவில் 2002இல் சராசரி நுழைவுச்சீட்டு 6 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2019இல் 9 டாலருக்குச் சற்று மேல். வசூலை டாலரில் மட்டும் எண்ணியதால், 2002இல் ஒன்றரை பில்லியனைத் தாண்டியிருந்த சீட்டு எண்ணிக்கை 2019க்குள் 1.2 பில்லியன் அளவுக்கு இறங்கியது பலருடைய கண்ணில் படவில்லை. விலையேற்றம் அந்தக் குறையை மூடியிருந்தது. இவ்வளவு செலவு செய்யும் தாய் முதலில் அண்டை வீட்டாரைக் கேட்பாள்: "படம் எப்படி? சின்னவன் பயப்படுவானா?" அந்தப் பதில் கிடைக்க ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். திரைத்தொழிலோ முதல் மூன்று நாள் வசூலை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

2023 ஜூனில் வந்த பிக்சார் நிறுவனத்தின் 'எலிமெண்டல்' படத்துக்கு இதுதான் நேர்ந்தது. முதல் வார இறுதியில் 29.6 மில்லியன். அந்நிறுவனத்தின் அளவுக்கு இது மிகக் குறைவு. தோல்வி என்று உடனே எழுதிவிட்டார்கள். படம் பார்த்தவர் பிறருக்குச் சொல்ல, வாரந்தோறும் கூட்டம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. முடிவில் அமெரிக்கச் சந்தையில் 154 மில்லியன், உலகெங்கும் ஏறக்குறைய 496 மில்லியன். முதல் தவணைத் தேர்வில் பின்தங்கி ஆண்டிறுதியில் நிமிர்ந்த மாணவர்களை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்!

2024இல் மறுபடியும் அதே ஓலம். ஒன்றை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2023இல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலை நிறுத்தம் செய்தார்கள். பல படங்கள் தள்ளிப் போயின. கடையில் சரக்கு இல்லாதபோது வாடிக்கையாளர் வரவில்லை என்று சொல்ல முடியாது. இது உண்மையான காரணம்தான். ஆயினும் மே மாதம் வந்த 'ஃபால் கை', 'ஃபியூரியோசா' ஆகியவை எதிர்பார்த்த அளவு ஓடாதபோது, திரையரங்கின் காலமே முடிந்தது என்று சிலர் இரங்கற்பா பாடிவிட்டார்கள். ஜூன் 14ஆம் நாள் 'இன்சைட் அவுட் 2' வந்தது. மூன்றே நாளில் 154 மில்லியன். முடிவில் உலகெங்கும் 1.69 பில்லியன். இடைப்பட்ட மூன்று வாரத்தில் மக்களின் பழக்கம் மாறிவிடவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள்; அவர்களுக்கென ஒரு படமும் வந்தது. அந்தப் படம் பதின்மூன்று வயதுச் சிறுமியின் பதற்றத்தைப் பற்றியது. என் மாணவிகள் அதைப் பார்த்துவிட்டு வந்து தங்களுடைய தேர்வு அச்சத்துக்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். நன்னெறிப் பாடத்தில் நான் மூன்று வாரம் முயன்றும் கைகூடாதது அது.

இங்கே நான் பெற்றோர் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. 'இன்சைட் அவுட் 2' ஒரு தொடர்ச்சிப் படம். அதன் வெற்றியிலிருந்து ஹாலிவூட் கற்ற பாடம் 'பிள்ளைகளுக்கு நல்ல படம் எடு' என்பதா, 'இரண்டாம் பாகம் எடு' என்பதா? 2025ஆம் ஆண்டுக் கோடை விடை சொல்லிவிட்டது. 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' பழைய அசைவூட்டப் படத்தை மனித நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தது. உலகெங்கும் ஒரு பில்லியனைத் தாண்டியது. அதே பருவத்தில் பிக்சார் புதிதாகக் கற்பனை செய்த கதை ஒன்றும் வந்தது. பெற்றோரை இழந்து, தன்னை வேற்றுக் கோளினர் அழைத்துச் செல்லமாட்டார்களா என்று ஏங்கும் சிறுவனைப் பற்றிய 'எலியோ'. விமர்சகர்கள் நல்ல விதமாகவே எழுதினார்கள். முதல் வார இறுதி வசூல் 20.8 மில்லியன், பிக்சார் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்கம். 'எலிமெண்டல்' எழுந்ததைப் போல் அது எழவும் இல்லை.

'எல்லாம் பழைய கதையாகவே எடுக்கிறார்கள்' என்று குறைப்படும் நாம் ஏன் போகவில்லை? ஒரு பகுதிக் காரணம் அந்த நிறுவனமே நமக்கு அளித்த பயிற்சி. பெருந்தொற்றுக் காலத்தில் 'சோல்', 'லூக்கா', 'டர்னிங் ரெட்' என்ற மூன்று பிக்சார் படங்களை அமெரிக்காவில் அரங்குகளில் பரவலாக வெளியிடாமல் நேரே டிஸ்னி பிளஸ் வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று முறை ஒன்றைச் செய்து காட்டினால் பிள்ளை பழகிக்கொள்ளும், பெற்றோரும் அப்படித்தான். 'எலியோ'வும் மூன்று மாதம் நிறையுமுன் வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது. காத்திருந்தவர் ஏமாறவில்லை, அரங்கு ஏமாந்தது. மற்றொரு பகுதி நம்முடையது. தெரிந்த பெயருக்குப் பணம் கட்டுவது நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. நானும் அந்த ஜூனில் என் மகனை 'லிலோ'வுக்குத்தான் அழைத்துச் சென்றேன்.

'எலியோ' வெளிவந்த 2025 ஜூன் 20 அன்றே நெட்ஃபிளிக்ஸில் 'கேபாப் டீமன் ஹண்டர்ஸ்' வெளிவந்தது. அதுவும் முற்றிலும் புதிய கதை. பிள்ளைகள் அதை வீட்டில் பலமுறை பார்த்தார்கள். பாடல்களை மனப்பாடம் செய்தார்கள். ஆகஸ்டில் இரண்டே நாளுக்கு அதைச் சேர்ந்து பாடும் காட்சியாக அமெரிக்க அரங்குகளில் திரையிட்டபோது சீட்டுகள் பறந்தன. நெட்ஃபிளிக்ஸ் தன் வசூலை வெளியிடுவதில்லை. தொழிலில் உள்ள பிறரின் கணிப்பில் அந்த வார இறுதியில் அதற்கே முதலிடம். வீட்டில் விருப்பம்போல் பார்க்கக் கிடைத்த படத்தைப் பணம் கட்டி அரங்கில் பார்க்க வந்தார்கள், பக்கத்து இருக்கைப் பிள்ளையோடு சேர்ந்து பாடுவதற்காக. 'மக்கள் வீட்டிலேயே முடங்கிவிட்டார்கள்' என்று எழுதுவோர் இந்த இரண்டு நாளை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

அண்மையில் என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 'கேபாப்' பார்த்தவர் யார் என்றதும் மேசைக்கடியிலிருந்தும் கை உயர்ந்தது. 'எலியோ' பார்த்தவர் இருவரே. அவர்களில் ஒருத்தி வகுப்பில் வாயே திறக்காதவள். அவளை முன்னால் அழைத்துக் கதை சொல்லச் சொன்னேன். தயங்கித் தொடங்கியவள் மணி அடிக்கும் வரை சொன்னாள். முடிவை மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். "நீங்களே போய்ப் பாருங்கள், டீச்சர்" என்றாள்.

இவ்வாரம் பார்த்துவிட்டேன்.