முதலாண்டிலேயே மூலச்சான்று

நுழையும்முன்
கல்லூரியில் வரலாறு பயிலச் செல்வோர் முதலில் அறிமுகப் பாடங்களையும், இறுதியில் உயர்நிலைப் பாடங்களையும் கற்பது வழக்கம். இவ்வரிசை மாற்றக் கூடாத ஒன்றா? பட்டப்படிப்பின் தொடக்கத்திலேயே மாணவர் ஓர் உயர்நிலைப் பாடத்தையேனும் கற்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

படிக்கட்டா, ஊருணியா?
பெருக்கலும் வகுத்தலும் அறியாதவர் நுண்கணிதத்தைக் கற்க இயலாது. தனிமங்களை அறியாதவர்க்குக் கரிம வேதியியல் விளங்காது. இத்துறைகளின் அறிவு படிக்கட்டுகளைப் போன்றது. கீழ்ப்படியில் கால் வைத்தே மேற்படியை எட்ட வேண்டும். வரலாறோ ஊருணியைப் போன்றது. எந்தக் கரையிலிருந்தும் அதில் இறங்கலாம்; எங்கு இறங்கினாலும் ஆழம் உண்டு. பல்லவர் காலத்தை முற்றக் கற்ற பின்னரே நாயக்கர் காலத்தைக் கற்க முடியும் என்று எவரும் கூறுவதில்லை.

அவ்வாறெனில், வரலாற்றில் 'உயர்நிலை' என்பது யாது? அறிமுகப் பாடம் பல நூற்றாண்டுகளை ஒரே பருவத்தில் கடக்கிறது. அறிஞர் கண்ட முடிவுகளைத் தொகுத்துத் தருகிறது. உயர்நிலைப் பாடமோ ஒரு சிறு காலப்பகுதியை, ஒரு சிக்கலை எடுத்துக்கொள்கிறது. கல்வெட்டு, செப்பேடு, நாட்குறிப்பு, அரசு ஆவணம் ஆகிய மூலச்சான்றுகளை மாணவர்முன் வைக்கிறது. முன்னது விடைகளைக் கற்பிக்கிறது. பின்னது அவ்விடைகள் எவ்வாறு கிடைத்தன என்பதைக் கற்பிக்கிறது. எனவே, இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு எளிமை, கடினம் என்பதன்று. கேட்டறிதல், ஆய்ந்தறிதல் என்பதேயாகும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு
குடவோலை முறையை நாம் அனைவரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சோழர் கால மக்களாட்சிக்குச் சான்று என்று அதனைப் பெருமையுடன் போற்றுகிறோம். அச்செய்தியைத் தரும் கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. அவை முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை.

முதலாண்டு மாணவர் ஒருவர் இக்கல்வெட்டின் அச்சிட்ட பாடத்தை ஆசிரியர் துணையுடன் வரிவரியாகப் படிப்பதாகக் கொள்வோம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதையும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்ததையும் அவர் காண்பார். பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டதைப் படித்து வியப்பார்.

அடுத்து, உறுப்பினர்க்குரிய தகுதிகளைப் படிப்பார். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது முப்பத்தைந்திற்கு மேலும் எழுபதிற்குள்ளும் இருத்தல் வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். ஒரு வேதத்துடன் அதன் உரைநூல்களுள் ஒன்றையும் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். இங்கே மாணவரின் உள்ளத்தில் வினாக்கள் எழும். இது பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர். அவ்வாறெனில் அந்நிலத்தை உழுதவர்க்கு இச்சபையில் இடம் உண்டா? பெண்களுக்கு இடம் உண்டா? 919 இல் வகுத்த விதியை இரண்டே ஆண்டுகளில் திருத்தி விரிவாக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது?

இவ்வினாக்கள் குடவோலை முறையின் பெருமையைக் குறைப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொதுப்பணியில் கணக்கு ஒப்படைத்தலை வற்புறுத்திய அருமையும், அதே சபை பலர்க்குக் கதவடைத்த உண்மையும் ஒரே கல்லில் உள்ளன. இரண்டையும் சேர்த்துக் காண்பதே வரலாற்றறிவு. இதனைப் பெறுவதற்கு மாணவர் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டுவதில்லை.

இளமையில் கற்ற ஆய்வு
இம்முறை புதியதன்று. 1825 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற ராங்கே என்னும் வரலாற்றறிஞர், மாணவர் சிலரைத் தம்மைச் சூழ அமர்த்தி மூல ஆவணங்களை ஆராயப் பயிற்றினார். அவரிடம் பயின்றோருள் ஒருவர் சீபெல். 1817 இல் பிறந்த சீபெல், 1834 இல் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இன்று மேல்நிலைப் பள்ளியில் பயில்வோரின் வயதே அப்போது அவருக்கு. பின்னாளில் அவர் தொடங்கிய வரலாற்று ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது.

தமிழ் மாணவர்க்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா சோழர் கால நிலவுடைமையை ஆராயும்பொருட்டு முதலில் தமிழைக் கற்றார்; பின்னர்க் கல்வெட்டுகளைக் கற்றார். அவர் முயன்று பெற்ற மொழி நமக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. 1736 முதல் 1761 வரையிலான புதுச்சேரி வாழ்வைக் காட்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட்டது. அதனை மூலமொழியிலேயே படிக்கும் பேறு பெற்ற நாம், அதைப் பற்றிய இரண்டு வரிக் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்து அமைவது முறையாகுமா?

மறுப்பும் விடையும்
அகலம் இல்லாத ஆழம் தீங்காகும் என்று சிலர் கூறுவர். இம்மறுப்பில் உண்மை உண்டு. உத்திரமேரூரை மட்டும் படித்தவர், சோழ நாட்டு ஊர்கள் அனைத்தும் அவ்வாறே இருந்தன என்று மயங்கக்கூடும். வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் 'நகரம்' என்னும் அவையும் இயங்கின என்பதை அறிமுகப் பாடமே அவர்க்கு உணர்த்தும். ஆதலால், அறிமுகப் பாடத்தை நீக்குக என்பது நம் கருத்தன்று. ஒரு பருவத்தில் அகலப் பாடங்களோடு ஆழப் பாடம் ஒன்றும் அமைக என்பதே நம் கருத்து. ஒன்று காட்டைக் காட்டும். மற்றொன்று மரத்தைக் காட்டும்.

கடினமான பாடம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர் தளர்ந்துவிடுவார் என்பது மற்றொரு மறுப்பு. அம்மாணவரை விலக்குவது இதற்குத் தீர்வாகாது. துணை செய்வதே தீர்வாகும். வகுப்பு சிறியதாக இருக்கட்டும். சான்றுகள் அச்சிட்ட வடிவில், அருஞ்சொற்பொருளுடன் தரப்படட்டும். நீண்ட ஆய்வேட்டிற்கு மாறாக, ஒரு சான்றைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பு மதிப்பிடப்படட்டும். விருப்பமுள்ள மாணவர், ஆசிரியரின் இசைவு பெற்றுச் சேரட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், முன்தகுதி இல்லாத மாணவரும் ஆசிரியரின் இசைவுடன் உயர்நிலைப் பாடத்தில் சேரும் வழக்கம் உண்டு.

ஏன் இப்போதே?
வரலாறு பயிலும் அனைவரும் முதுகலைக்குச் செல்வதில்லை. பலர் இளங்கலையுடன் படிப்பை நிறைவு செய்து, ஆசிரியராக, அலுவலராக, வணிகராக வாழ்வைத் தொடங்குகின்றனர். மூலச்சான்றைப் பிற்காலத்திற்கு ஒத்திவைத்தால், அவர்கள் அதனைக் காணாமலேயே பட்டம் பெற்றுச் செல்வர். ஆண்டுகளும் பெயர்களும் நினைவிலிருந்து உதிர்ந்தபின் அவர்களிடம் எஞ்சுவது யாது?

இன்று கைப்பேசியைத் திறந்தால் வரலாறு என்னும் பெயரில் எண்ணற்ற செய்திகள் வந்து குவிகின்றன. ஒரு மன்னரை வானளாவப் புகழ்வனவும், ஓர் இனத்தை இழித்துரைப்பனவும் அவற்றுள் உண்டு. அவற்றை எதிர்கொள்ளும்போது, 'இதற்குச் சான்று எது? அதனை எழுதியவர் யார்? எவர்க்காக எழுதினார்? எதனைச் சொல்லாமல் விட்டார்?' என்று வினவத் தெரிந்தவரே ஏமாறாதிருப்பார். இவ்வினாக்களைப் பழக்குவதே உயர்நிலை வரலாற்றுப் பாடத்தின் பயன். பழக்கம் என்பது நாள்தோறும் செய்து பெறுவது. பட்டம் வாங்கும் ஆண்டில் அவசரமாகக் கற்பதன்று.

நாளை கல்லூரி வாயிலில் நுழையும் மாணவர், எந்தக் காலத்தைப் பயின்றாலும், அக்காலம் விட்டுச்சென்ற ஒரு சான்றையேனும் முதலாண்டிலேயே தம் கண்ணால் படிக்கக் கேட்கட்டும். அவர் கேட்கும்போது, 'உனக்கு இன்னும் காலம் வரவில்லை' என்னாது அதனை எடுத்துத் தருவது ஆசிரியர் கடன்.