சுதேசிக்கும் பரதேசிக்கும் ஒரே சட்டம், காணி மட்டும் வேறு



எங்கள் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் எடுக்கும் ஆசிரியை பிரசவ லீவில் இருப்பதால், இந்தத் தவணை தரம் 9 வகுப்புக்கு நான் போகிறேன். எனக்கு அது சொந்தப் பாடமல்ல. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன மாதம் ஒரு பையன் லேவியராகமத்தை வாசித்தபோது “பரதேசி” என்ற சொல் வந்தது. வகுப்பே சிரித்தது. “டீச்சர், இது எங்க அம்மாயி ஏசுற வார்த்தை” என்றான். சிரிப்பு அடங்கியதும் பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்ப நாங்க சுதேசியா, பரதேசியா டீச்சர்?”

“சுதேசிதான்” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தப் பதில் போதாது என்று பட்டது. நமக்கு என்ன பெயர் என்பது பாதிக் கேள்விதான். அந்தப் பெயரோடு என்னென்ன கைக்கு வருகிறது என்பது மீதிப் பாதி. அன்று இரவு அந்தப் பழைய நூல்களை எடுத்து, சம்பளச் சட்டத்தையும் கூட்டு ஒப்பந்தத்தையும் வாசிக்கிற கண்ணோடு வாசித்தேன். கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறீர்கள். நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. கூலிக்கு வேலை செய்த வெளியூர்க்காரனுக்கு ஒரு பழைய சமூகம் என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்ப்போம்.

எபிரேய மொழியில் அவனுக்குக் “கேர்” என்று பெயர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதுதான் பரதேசி. அவன் வழிப்போக்கனும் அல்ல, அடிமையும் அல்ல. பஞ்சத்தாலோ சண்டையாலோ தன் ஊரை விட்டு வந்து, இஸ்ரவேலருடைய ஊரில் குடியிருந்து, அவர்கள் வயலில் வேலை செய்பவன். வியாபாரத்துக்கு வந்து போகிற அந்நியனுக்கு வேறு சொல் உண்டு. சுதேசிக்கு “எஸ்ராஹ்” என்று பெயர். ஒரு சங்கீதத்தில் அதே சொல் சொந்த மண்ணில் தழைத்த மரத்துக்கும் வருகிறது. (தேயிலையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட செடிதான். அதை யாரும் பரதேசி என்று ஏசுவதில்லை.)

கேர் ஏன் ஏழையாக இருந்தான்? அந்த நூல்கள் அவனை அடிக்கடி விதவையோடும் அநாதைப் பிள்ளையோடும் சேர்த்துச் சொல்கின்றன. மூன்று பேருக்கும் பொதுவான குறை காணி இல்லாததுதான். நிலம் கோத்திரத்துக்கும் குடும்பத்துக்கும் பங்கிடப்பட்டது. விற்றாலும் 50ஆம் வருடம் அது பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டம். கடனில் விழுந்த சுதேசிக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் கேர் உழைத்துச் சேர்த்து ஒரு வயலை வாங்கினாலும், அந்த வருடம் வந்தால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

காணியில்லாத அவனுக்குச் சட்டம் மற்றவற்றைக் கொடுத்தது. கொஞ்சமாகவும் கொடுக்கவில்லை. வழக்குக்கு வந்தால் சுதேசிக்கும் அவனுக்கும் ஒரே நியாயம். கைதவறி ஒருவனைக் கொன்றுவிட்டால் ஓடி ஒளிய ஒதுக்கிய 6 அடைக்கலப் பட்டணங்கள் அவனுக்கும் திறந்திருந்தன. ஏழாம் நாள் லீவு அவனுக்கும் உண்டு. மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு கொடு, அடிமைப் பெண்ணின் மகனும் பரதேசியும் மூச்சுவிடட்டும் என்ற கருத்தில் யாத்திராகமம் சொல்கிறது. அறுவடையில் வயலின் ஓரத்தை வழித்து அறுக்கக்கூடாது, மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது, அதெல்லாம் அவனுக்கும் விதவைக்கும் அநாதைக்கும். மூன்றாம் வருடத்துத் தசமபாகத்திலும் அவனுக்குப் பங்கு.

நான் இரண்டு தடவை வாசித்த இடம் உபாகமம் 24ஆம் அதிகாரம். கூலிக்காரன் உன் சொந்தச் சகோதரனானாலும் உன் ஊரில் இருக்கும் பரதேசியானாலும் அவனை ஒடுக்காதே, சூரியன் மறையுமுன் அன்றைய கூலியை அன்றே கொடு என்று அங்கே இருக்கிறது. காரணமும் சொல்லியிருக்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறான். பத்தாம் திகதிக்காகக் கடையில் கொப்பி போட்டுச் சாமான் எடுக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு சட்டம், கூலி விஷயத்தில் ‘எங்கிருந்து வந்தவன்’ என்ற கேள்வியே எழக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது.

இந்த எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அந்தச் சட்டங்களே திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம், நீங்களும் எகிப்தில் பரதேசிகளாக இருந்தீர்கள் என்பது. எகிப்தில் அவர்கள் செங்கல் அறுத்த கதையை வாசித்துப் பாருங்கள். வைக்கோலைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் செங்கல் எண்ணிக்கை மட்டும் ஒன்றும் குறையக்கூடாது. குறைந்தபோது அடி விழுந்தது இஸ்ரவேலரிலிருந்தே நியமிக்கப்பட்ட கங்காணிமாருக்கு. கொழுந்து இல்லாத மாதத்திலும் அதே கிலோவைக் கேட்டு, குறைந்தால் அரைப்பேர் போடுகிற வேலையை நாம் கண்டவர்கள்தானே.

இங்கே நிறுத்திவிட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் அந்த நூல்கள் அப்படி நிற்கவில்லை.

ஒரே சட்டம் என்ற அந்த வாக்கியம் எங்கே வருகிறது என்று பார்த்தேன். பஸ்கா பண்டிகை பற்றிய இடத்தில் வருகிறது. காணிக்கை பற்றிய இடத்தில் வருகிறது. லேவியராகமத்தில், தாய் இஸ்ரவேலியும் தகப்பன் எகிப்தியனுமான ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கிற வழக்கில் வருகிறது. கடமையிலும் தண்டனையிலும் சமம் முதலில் வந்துவிடுகிறது. பங்கில் சமம் பின்னால்தான் வருகிறது, வந்தால். அதே லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், கடனுக்காகத் தன்னை விற்ற இஸ்ரவேலனை அடிமையாக நடத்தக்கூடாது, 50ஆம் வருடம் விட்டுவிட வேண்டும் என்கிறது. சுற்றியுள்ள சாதிகளிலிருந்தும், தேசத்தில் குடியிருக்கிற அந்நியரின் பிள்ளைகளிலிருந்தும் வாங்கியவர்களையோ தலைமுறைச் சொத்தாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. இதற்கு நான் நல்ல விளக்கம் தேடப் போவதில்லை. அது அநியாயம்.

நூலுக்கு நூல் வித்தியாசமும் உண்டு. தானாகச் செத்த மிருகத்தின் இறைச்சியை நீ தின்னாதே, பரதேசிக்குக் கொடு என்கிறது உபாகமம். தின்றவன் சுதேசியானாலும் பரதேசியானாலும் இருவருக்கும் ஒரே தீட்டு என்கிறது லேவியராகமம். இவை ஒரே நாளில் எழுதிய சட்டங்களல்ல, காலத்துக்குக் காலம் எழுதிச் சேர்த்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. வடக்கே இருந்த இராச்சியம் கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தபோது அகதிகள் தெற்கே யூதாவுக்கு வந்தார்கள், பரதேசியைப் பற்றிய கேள்வி பெரிதானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் வாதாடி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய சட்டம் போலத்தான் எனக்கும் தெரிகிறது. தொழிற்சங்கக்காரிக்கு இது புதிதல்ல.

எழுதிய சட்டம் வயலில் எப்படி நடந்தது? ரூத்தின் கதையில் ஒரு காட்சி கிடைக்கிறது. மோவாப் நாட்டுப் பெண், புருஷனை இழந்தவள், மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். சிந்திய கதிரைப் பொறுக்குவது சட்டப்படி அவளுடைய உரிமை. ஆனால் அவள் மாமியாரிடம் கேட்பது, யாருடைய கண்ணில் தயவு கிடைக்குமோ அவர் பின்னால் போய்ப் பொறுக்குகிறேன் என்று. வயல்காரர் போவாஸ் வந்ததும் மேற்பார்வைக்காரனிடம், இது யாருடைய பெண் என்று விசாரிக்கிறார். பிறகு அவளைத் தொடக்கூடாது என்று வேலைக்காரப் பையன்களுக்குக் கட்டளையிட வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டி வந்ததென்றால் மற்ற வயல்களில் என்ன நடந்திருக்கும் என்பதை மலைக்குப் போகிற பெண்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. போவாஸ் நல்லவர், கதை நல்லபடி முடிந்தது, ரூத்தின் வம்சத்தில் தாவீது ராஜா பிறந்தார். நல்ல துரை வாய்த்த தோட்டத்தில் நல்ல காலம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கதைதான். கூலி கொடுக்காவிட்டால் என்ன என்று உபாகமத்தில் தேடினால், அந்தக் கூலியாள் கடவுளை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாகும் என்று மட்டும் இருக்கிறது. போய் முறையிடத் தொழில் நியாய சபை ஒன்றும் அங்கே இல்லை.

இன்னொரு கணக்கு நாளாகமம் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆலயம் கட்டுவதற்காகச் சாலொமோன் ராஜா தேசத்திலிருந்த பரதேசிகளை எல்லாம் எண்ணுகிறார். 1,53,600 பேர். அதில் 70,000 பேர் சுமை தூக்க, 80,000 பேர் மலையில் கல் வெட்ட, 3,600 பேர் வேலை வாங்கும் கங்காணிகளாக. கூட்டிப் பாருங்கள், ஒரு தலைகூட மிச்சமில்லை. கங்காணிகளும் அவர்களுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டார்கள். இலக்கம் பெரிதாக்கப்பட்டிருக்கலாம், அந்த நூல் பல நூற்றாண்டு பிந்தியது. ஆனால் எண்ணியது எதற்கென்று மறைக்கவில்லை. இராஜாக்களின் புத்தகம் சொல்கிறபடி, இஸ்ரவேலரிலிருந்து எடுத்த 30,000 பேருக்கு முறை இருந்தது: ஒரு மாதம் லீபனோனில் வேலை, இரண்டு மாதம் வீட்டில். சுமை தூக்கியவர்களுக்கும் கல் வெட்டியவர்களுக்கும் அப்படி ஒரு முறையை அது சொல்லவில்லை.

கடைசியாக எசேக்கியேல். யூதா நாடும் தோற்று, அவரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அதாவது, காணியிழந்து, பிற நாட்டில் தானே பரதேசியாக இருந்த மனிதர். திரும்பிப் போனால் தேசத்தை எப்படிப் பங்கிடுவது என்று அவர் எழுதும்போது, மற்ற எந்தச் சட்டமும் போகாத இடத்துக்குப் போகிறார். உங்கள் நடுவில் குடியிருந்து அங்கேயே பிள்ளை பெற்ற பரதேசியைச் சுதேசியாகவே எண்ணி அவனுக்கும் காணியில் பங்கு போடச் சொல்கிறார். எந்தக் கோத்திரத்தின் எல்லையில் அவன் வாழ்கிறானோ அங்கேயே. கருணை காட்டச் சொன்னவர்கள் பலர், காணியைக் கொடுக்கச் சொன்னவர் இவர். பிற்காலத்தில் திரும்பி வந்தவர்கள் அப்படிப் பங்கிட்டதாக எந்த நூலும் சொல்லவில்லை. மாறாக, எஸ்றாவின் காலத்தில் அந்நிய மனைவிகளையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் அனுப்பிவிடத் தீர்மானித்ததுதான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த நாட்டையும் நம் நாட்டையும் ஒன்றாக வைத்து அளக்க முடியாது. ஆனால் நமக்கு நடந்த ஒழுங்கும் இதுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜைகளை வம்சாவளி என்றும் பதிவு என்றும் இரண்டாக்கியது. நம்மில் பெரும்பாலோர் இரண்டிலும் சேராமல் நாடற்றவர்களானோம். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். என் தாத்தா தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் துணியில் சுற்றி றங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எந்த மனுவிலும் அதன் இலக்கத்தை எழுத வேண்டும் என்பார், மற்றவர்களிடம் அப்படிக் கேட்பதில்லை என்றும் சொல்வார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தப் பிரச்சினை சட்டத்தில் முடிந்தது. வாக்கும் வழக்கும் எல்லாருக்கும் போல நமக்கும். ஆனால் தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகள் அதை நிர்வகிக்கின்றன. 2023இல் நாம் வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம், இன்னும் நம்மில் பெரும்பாலோர் படுத்து எழும்புகிற லயக் காம்பராவுக்கு உறுதி இல்லை. 7 பேர்ச் என்று கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது.

அடுத்த கிழமை வகுப்பில் எசேக்கியேலின் அந்தப் பகுதியை வாசிக்க வைத்தேன். “இவங்களுக்குக் காணி கிடைச்சுதா டீச்சர்?” என்று அதே பிள்ளை கேட்டாள். இந்த முறை யோசித்து, இல்லை என்றேன்.

இந்த இதழின் நடுவில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். குடும்பத்தவர் பெயர், லய இலக்கம், இந்தத் தோட்டத்தில் எத்தனையாவது தலைமுறை, பிள்ளைகள் பிறந்த இடம், கையில் காணி உறுதி உண்டா இல்லையா. நிரப்பி உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் மாத முடிவுக்குள் கொடுங்கள். மாவட்டக் கமிட்டி காணிக் கோரிக்கையோடு அதை இணைக்கும். பழைய பிரஜாவுரிமைப் பத்திரமோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் போட்டோப் பிரதி மட்டும் போதும், மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். எழுதச் சிரமப்படுகிறவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். என் தரம் 9 பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.