வீடு, வெடிக்கிடங்கு அல்ல!

"பயங்கர வெடி விபத்து! தொழிலாளர் பலி!" விருதுநகர் மாவட்டத்திலே வாழும் எவருக்கும் இந்தத் தலைப்பு புதிதல்ல. ஊரின் பெயர் மாறும், மாண்டவர் தொகை மாறும், மற்றவை மாறுவதில்லை. மறுநாள் மலர்வளையம் வரும், நிவாரண அறிவிப்பு வரும். அதற்கடுத்த நாள், "தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்" என்ற தீர்ப்பும் வந்துவிடும்!

யாருடைய கவனக்குறைவு? அதைத்தான் இன்று கேட்கிறோம்.

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை... இது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் மக்காச்சோளமும். பெய்யாவிட்டால்? கல்குவாரி, தீப்பெட்டி, பட்டாசு! வயிற்றுக்கு வழி தேடி வெடிமருந்தின் வாசலுக்குப் போகிறான் நம் தோழன். போனவன் திரும்பி வருவான் என்பதற்கு உறுதி உண்டா?

2024 மே முதல் நாள். உலகத் தொழிலாளர் திருநாள். நம் காரியாபட்டி வட்டத்திலே, ஆவியூர் அருகே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. மூன்று பேர் மாண்டனர். மே தின விழாவிலே நம்மோடு நின்றிருக்க வேண்டியவர்கள், அடையாளமும் மிஞ்சாமல் போனார்கள்!

அது கிடங்கு. வெடிமருந்துக்கென்றே ஒதுக்கிய இடம். அங்கேயே அந்தக் கதி என்றால், அடுப்பெரியும் வீட்டிலே மருந்தை அடுக்கி வைத்தால் என்னவாகும்? 2025 ஆகஸ்டில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்திலே வீட்டில் பட்டாசு செய்தபோது நேர்ந்த வெடிப்பும், அது பறித்த உயிர்களும் அதற்குப் பதில் சொல்லிவிட்டன.

"பத்திரமாக வைத்தால் ஒன்றும் ஆகாது" என்பார் சிலர். தகரப் பெட்டியிலே பூட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டால் பத்திரமாம்! தோழர்களே, இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. திறந்த வெளியிலே 'புஸ்'ஸென்று எரிந்து அடங்கும் மருந்துகூட, இறுக மூடிய இரும்புக்குள்ளே பற்றினால், புகை போக வழியின்றிப் பெட்டியையே குண்டாக்கிவிடும்.

அமெரிக்காவைப் பாருங்கள். சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அதற்கென வகுத்துள்ள தீப்பாதுகாப்பு விதி என்ன சொல்கிறது? புகையில்லா மருந்தை அது வந்த டப்பாவிலேயே வை. 20 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 9 கிலோவுக்கு, மேற்பட்டால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியிலே வை என்கிறது. இரும்புப் பெட்டி என்று சொல்லவில்லை, மரப்பெட்டி என்கிறது! அதுவும், எந்த ஆலையில் செய்தது, எவ்வளவு வலுவுள்ளது என்று முத்திரை குத்தி வந்த மருந்துக்கு.

நம் தொழிலாளியின் வீட்டுக்கு வருவது அதுவா? அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த பட்டாசுக் கலவை! உரசினால் சீறும், நைலான் புடவையில் எழும் சிறு பொறியே போதும். மீந்த கலவையை இரவு வைத்திருந்தால், ஈரம் பட்டு உள்ளுக்குள்ளே சூடேறிக் காலையிலே தானே வெடிக்கும். இதை எந்த அலமாரியில் அடுக்கினாலும், எத்தனை ஒழுங்காக அடுக்கினாலும், வீடு வீடுதான், அது கிடங்காகாது. அடுப்பு இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, திண்ணையிலே பீடி இருக்கிறது, தூளியிலே குழந்தை இருக்கிறது!

சட்டம் இதை அறியாததல்ல. 1884-இல் வெள்ளையன் போட்ட வெடிபொருள் சட்டமும், 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் கிடங்கிற்கு இலக்கணம் வகுத்திருக்கின்றன. குடியிருப்பிலிருந்து இத்தனை தூரம், அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி, ஓர் அறைக்கு நாலு பேர் என்று கணக்கு இருக்கிறது. முதலாளியின் சரக்குக்குச் சுவர் உண்டு, இடிதாங்கி உண்டு, காவல் உண்டு. தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன உண்டு?

பின் ஏன் மருந்து வீட்டுக்கு வருகிறது? உரிமம் ஒருவர் பெயரில், நடத்துபவர் இன்னொருவர், அவரிடம் அறை அறையாக உள்குத்தகை எடுப்பவர் வேறொருவர், கடைசியில் துண்டுக்கூலிக்கு ஓடுகிறவன் நம் ஆள். பண்டிகை நெருங்க நெருங்க, 'எண்ணிக்கை, எண்ணிக்கை' என்று விரட்டுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் எரிந்தன. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அச்சங்குளத்திலே உள்குத்தகை அம்பலமாயிற்று. வீட்டுக்குள் வரும் மருந்து, அந்த உள்குத்தகைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி! விளக்கமும் விசாரணையும் சாம்பலான பிறகுதான் வருகின்றன.

மற்றொரு வாசலும் உண்டு. மக்காச்சோளத்தை மேயும் காட்டுப்பன்றிக்காக, நாட்டுவெடி செய்து வீட்டில் வைப்பது. உழவனின் வேதனை நமக்குத் தெரியும். இரவெல்லாம் விழித்தும் விளைச்சல் மிஞ்சவில்லை. ஆனால் பன்றிக்கென வைத்த வெடியைக் கடித்ததோ, எடுத்து விளையாடியதோ எது என்று வெடிக்குத் தெரியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. அதை நம் ஊரிலே நடத்திக்காட்டு என்று மனுவோடு நிற்போம், வெடியோடு வேண்டாம்.

"வேலை போய்விடுமே" என்கிறீர்களா? வேலை வேண்டும், கூலியும் கூடுதலாக வேண்டும்! காகிதக் குழாய் சுற்றலாம், பெட்டி ஒட்டலாம்; காகிதம் வீட்டுக்கு வரட்டும். மருந்து மட்டும் வாசற்படி தாண்டக்கூடாது. மருந்து வேலைக்கு இலாபம் பெறுகிறவன், விதிப்படி அறை கட்டட்டும், உள்குத்தகையை ஒழிக்கட்டும், வேலையற்ற மாதங்களுக்கு வழி சொல்லட்டும். இந்தக் கோரிக்கைகளைத் தொழிற்சங்க மேடையிலே முழங்க வேண்டியது நம் கடமை.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். வீடு வீடாகச் செல்லுங்கள். மிரட்டவோ காட்டிக்கொடுக்கவோ அல்ல; அண்ணனாக, தம்பியாகப் பேசுங்கள். எவர் வீட்டிலாவது மருந்து இருந்தால், அதைக் கிளறவோ, கொளுத்தவோ, கிணற்றில் கொட்டவோ விடாதீர்கள். வீட்டாரை வெளியேற்றி, 101-க்குச் சொல்லித் தீயணைப்பு நிலையத்தாரை வரவழையுங்கள். அந்த வீட்டுக்காரன் தனியே நிற்காதபடி பக்கத்தில் நில்லுங்கள். அவனுக்கு மருந்தைக் கொடுத்தனுப்பியவன் யார் என்ற கேள்வியை ஊரறியக் கேளுங்கள்.

சிவகாசி வெடி, ஊரெங்கும் மகிழ்ச்சி தருகிறது, தரட்டும். அதற்கு விலையாக நம் கூரையும் குழந்தையும் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இனி மூட்டை தூக்கி வரும் ஏஜென்டிடம் சொல்லுங்கள்: "காகிதம் கொண்டுவா, கூலி கொண்டுவா, மருந்தை உன் முதலாளி வீட்டிலே இறக்கு!"