அம்மாவுக்குத் துணி எடுக்கும் முன்

தீபாவளி நெருங்கினால் என்னிடம் படித்த பிள்ளைகளில் நாலைந்து பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். "டீச்சர், அம்மா இருபது வருஷமா ஒரே மாதிரி உடுத்துறாங்க. கொஞ்சம் மாத்தணும். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" கேட்பவர்களுக்கு நாற்பது வயது, அம்மாக்களுக்கு அறுபத்தைந்து, எழுபது. கிட்டத்தட்ட என் வயது என்பதால் என்னைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். அம்மாவின் பீரோவைத் திறந்து பாருங்கள், அவர் அனுமதியோடு. மேல் தட்டில் அந்துருண்டை வாசத்தோடு அட்டைப்பெட்டியில் பட்டுகள் இருக்கும். பாதி நீங்கள் எடுத்துக் கொடுத்தவை. கீழே கைக்கு எட்டும் இடத்தில் நாலு சேலை மட்டும் வெளுத்துப் போய்க் கிடக்கும். அந்த நாலைத்தான் அவர் மாற்றி மாற்றிக் கட்டுகிறார். ஏன் அந்த நாலு என்று கேளுங்கள். "இது கனமில்லை", "இது வழுக்காது", "இதுக்குப் பொருந்துற பிளவுஸ்தான் இப்ப போட முடியுது" என்று பதில் வரும். வேறு எந்த ஆலோசகரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லப்போவதில்லை.

அந்தக் கடைசிப் பதிலைக் கவனியுங்கள். பிள்ளைகள் சேலையைப் பற்றியே யோசிக்கிறார்கள், பிரச்சினை முக்கால்வாசி பிளவுஸில் இருக்கிறது. அறுபதைத் தாண்டினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும், கை முன்போல் மேலே போகாது. கைச்சதை கூடும், விரல் மூட்டு வலிக்கும். பதினைந்து வருடத்துக்கு முன் தைத்த பிளவுஸை மாட்டுவதற்குள் மூச்சு வாங்கும். இதை யாரும் மகனிடம் சொல்ல மாட்டார்கள், மகளிடமும் பாதிதான் சொல்வார்கள். நல்ல தையல்காரர் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார். பழைய பிளவுஸ்களை எடுத்துப்போய்ப் பிரித்துவிடச் சொல்லுங்கள், பீரோவில் தூங்கும் பத்து சேலை உயிர் பெறும். ஹூக் போட விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு டிச் பட்டன் வைத்துத் தைக்கலாம். இப்போது கல்யாண வீடுகளில் பார்க்கிறேன், பேத்தியின் தையல்காரரிடமே பாட்டிக்கும் கொடுத்து, முதுகில் ஹூக்கும் குஞ்சலமும் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பாவம், அதை அவிழ்க்க அவருக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அடுத்தது பாவாடை நாடா. 2024-ல் மகாராஷ்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில், எழுபதை ஒட்டிய இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். பல பத்தாண்டுகள் இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் ஏற்பட்ட உராய்வு ஆறாத புண்ணாகி, தோல் புற்றுநோய் வரை போயிருக்கிறது. மிக அரிதான விஷயம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் கறுத்துத் தடித்த அந்தக் கோடு நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் சின்னப் புண் வந்தாலும் லேசில் ஆறாது. அகலப் பட்டை வைத்த பருத்திப் பாவாடை நாலு வாங்கிக் கொடுங்கள். முடிச்சு விழும் இடத்தைத் தினமும் கொஞ்சம் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பட்டைவிட அம்மாவுக்கு அன்றாடம் உதவப்போவது இதுதான்.

சேலை என்றால் எடை பார்த்து எடுங்கள். கெட்டிச் சரிகை போட்ட காஞ்சிப்பட்டு முக்கால் கிலோ வரை வரும். அதைக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் மூன்று மணி நேரம் நிற்பது எழுபது வயது முதுகுக்குத் தண்டனை. மதுரைச் சுங்குடி, மெல்லிய கோவைக் காட்டன் எல்லாம் வெயிலுக்கும் ஆகும், துவைக்கவும் எளிது. செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கட்டமும் அகலக் கரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் கனம், அம்மா கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு எடுங்கள். மடிப்பு வைக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்து இஸ்திரி போட்டுத் தருபவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விசேஷத்துக்கு அது நல்ல ஏற்பாடு.

சுடிதார் விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு கட்சி. "இந்த வயசுல சுடிதாரா" என்று முகம் சுளிக்கும் கட்சி ஒன்று. "அம்மா, மாடர்னா இருங்க" என்று வற்புறுத்தி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடும் கட்சி இன்னொன்று. இரண்டோடும் எனக்கு ஒட்டவில்லை. 2019-ல் தமிழக அரசே தன் பெண் ஊழியர்களுக்கான உடை விதியில் சேலையோடு துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் சேர்த்துவிட்டது, மரியாதைக் குறைவு என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. நடைப்பயிற்சிக்கும் ரயிலில் மேல் படுக்கை ஏறவும் அதைவிட வசதி ஏது? பை வைத்துத் தைத்தால் போனும் சாவியும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வேண்டும் என்று அம்மா சொல்ல வேண்டும். நைட்டியைப் பாருங்கள், எந்த நிபுணரும் வந்து சொல்லவில்லை. நம் அம்மாக்களே ஏற்றுக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுத் தெருமுனைக் கடை வரை கொண்டுபோய்விட்டார்கள். அவர்களுக்கு மாறத் தெரியாது என்று யார் சொன்னது?

காதையும் பாருங்கள். கனமான கம்மல் போட்டுப் போட்டுத் துளை இழுத்துப்போயிருக்கும். எடை குறைந்த தோடு, வேண்டுமானால் தாங்கிப் பிடிக்க ஒரு மாட்டல். செருப்பில் பின்பட்டை இருக்கட்டும்.

இனி, சொல்லக் கொஞ்சம் தயக்கமான ஒன்று. அப்பா இறந்த பிறகு நிறைய அம்மாக்களின் சேலைகள் சந்தனக் கலருக்கும் சாம்பல் கலருக்கும் மாறிவிடுகின்றன. அவர்கள் கேட்டதல்ல. துணி எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளே மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று மங்கலாக எடுத்துவிடுகிறார்கள், மாமியோ அத்தையோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அம்மா முப்பது வயதில் என்ன கலர் விரும்பிக் கட்டினார் என்று பழைய ஆல்பத்தில் பாருங்கள். மயில் கழுத்து நீலமா, அரக்கா? அதையே எடுத்துக்கொண்டு போய் நீட்டுங்கள். "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார். அது மறுப்பா, உங்களைச் சோதிப்பதா என்று பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போகாது. உண்மையிலேயே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் அவர் உரிமை. உறவினர் ஏதாவது பேசினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் அல்ல.

முடிந்தால் கடைக்கு அவரையே அழைத்துப் போங்கள். பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு மாலை விளக்குத்தூணிலோ ரங்கநாதன் தெருவிலோ அவரை நெரிபட வைக்காதீர்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் உட்கார நாற்காலி கிடைக்கும், வாசல் வெளிச்சத்தில் கலர் பார்க்கலாம். விலைச்சீட்டை அவர் பார்ப்பதற்குள் கிழித்துவிடுங்கள், ஆயிரத்து ஐந்நூறை அறுநூறு என்று சொல்வதில் பாவமில்லை. வீடு திரும்பும் வழியிலேயே பிளவுஸ் துணியையும் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு போனால் "பொங்கலுக்கு வாங்க" என்பார்.